அந்த இரண்டெழுத்தை அழிக்க விடாதே!

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலைக்குப் பெரும்பாக்கத்தில் செம்மொழிச் சாலை என்று பெயர். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று அதன் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. தொல்காப்பியம் தொடங்கி 41 செவ்வியல் நூல்களுக்குச் செம்பதிப்பு கொண்டுவருவது, திருக்குறளைப் பல மொழிகளில் பெயர்த்து வெளியிடுவது எல்லாம் அங்கே நடக்கும் வேலை. அதே சாலையில் கிழக்கே போனால் சோழிங்கநல்லூர் எல்காட் சிறப்புப் பொருளாதார மண்டலம். உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும் மென்பொருளை அங்கே ராத்திரி பகலாக எழுதி அனுப்புகிறார்கள். தமிழை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும் இடம் ஒரு பக்கம், மென்பொருளைக் கட்டி வெளியிடும் இடம் மறுபக்கம். நடுவில் பஸ்ஸுக்காக நிற்கிறாயே தம்பி, தங்கையே, உன்னிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த இரண்டு இடத்து வேலையும் ஒன்றாகச் சேரும் ஒரு இடம் காலியாகக் கிடக்கிறது. உனக்காகவே கிடக்கிறது. எப்படி என்று சொல்கிறேன், கேள்.

கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றில் 'லிங்குவாஸ்' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். இந்த மென்பொருள் எந்தெந்த மொழிகளில் வரும் என்ற பட்டியல் அது. தமிழுக்கு அதில் இரண்டே எழுத்து: டி, ஏ. ரிலீஸுக்கு முந்தின ராத்திரி என்ன நடக்கும் தெரியுமா? நிரல் எல்லாம் சரியாக இருக்கிறது, டெஸ்ட் எல்லாம் பாஸ், பதிப்பு எண் குறித்து வெளியிட வேண்டியதுதான் பாக்கி. கடைசியாகப் பில்டு, அதாவது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் வேலை, ஓடும்போது திரை சிவப்பாகிவிடுகிறது. எங்கே என்று பார்த்தால் தமிழ் உதவிக் கையேட்டில். ஒரு மேற்கோள் குறி தவறியிருக்கிறது, அல்லது கோண அடைப்புக்குள் எழுதும் ஒரு டேக் மூடப்படவில்லை. அந்த நேரத்தில் அந்தக் குழுவில் தமிழ் தெரிந்தவர் யாரும் விழித்திருக்க மாட்டார். பல நேரங்களில் தமிழ் தெரிந்தவரே அந்தக் குழுவில் இருக்க மாட்டார். பொறுப்பில் இருப்பவர் என்ன செய்வார்? லிங்குவாஸ் கோப்பைத் திறப்பார். டி, ஏ இரண்டையும் அழிப்பார். திரை பச்சையாகும். ரிலீஸ் போய்விடும்.

அவர்மேல் கோபப்படாதே. ரிலீஸைக் குறித்த நாளில் அனுப்புவது அவர் கடமை, அதைச் செய்தார். கையேட்டைத் தமிழாக்கியவரும் நல்ல மனதோடுதான் உழைத்திருப்பார். என் நெஞ்சு எரிவது வேறொன்றுக்காக. அந்த இரண்டெழுத்து போனதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மாதம் கழித்தும் கவனிக்கவில்லை. அடுத்த பதிப்பிலும் அது திரும்ப வரவில்லை. மாலை மாலையாக உட்கார்ந்து யாரோ தமிழாக்கிய நூறு பக்கம், ஒரு விசைத் தட்டலில் மறைந்துவிட்டது. "என் மொழி எங்கே?" என்று கேட்க ஒரு குரல் வரவில்லை. அந்தக் குரல் நீயாக இரு என்கிறேன். கேட்பதோடு நின்றுவிடாதே. அந்த ராத்திரி வருவதற்கு முன்பே திரையைப் பச்சையாக்கி வைத்திருக்கும் கை உன் கையாக இருக்கட்டும்.

"எனக்கு அவ்வளவு கம்ப்யூட்டர் தெரியாதே, இங்கிலீஷே தடுமாறுதே" என்று உடனே சொல்வாய். இந்தப் பேச்சை இன்றோடு விடு. நீ தமிழ் வழியில் படித்தவனா? பெரும்பாக்கம் அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரியில் முதல் தலைமுறைப் பட்டதாரியா? எட்டு மாடிக் குடியிருப்பில், கூவம், அடையாறு கரையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து அமர்த்திய குடும்பத்துப் பிள்ளையா? பெரும்பாக்கம் முகவரியை விண்ணப்பத்தில் எழுதக் கை தயங்குகிறதா? தயங்காமல் எழுது. நான் சொல்லும் இந்த வேலையில் உன் முகவரியை யாரும் கேட்பதில்லை. நீ அனுப்பிய திருத்தம் சரியா, பில்டு பாஸ் ஆகிறதா, இந்த இரண்டைத்தான் பார்ப்பார்கள். அங்கே உனக்கு ஒரு பலம் இருக்கிறது. தமிழ் வாக்கியம் எங்கே நொண்டுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் உனக்குத் தெரியும். பெரிய பெரிய பொறியாளர்களுக்கு அந்தக் கண் கிடையாது. இன்னொரு கண்ணை நீ வளர்த்துக்கொண்டால் போதும்: குறிகளைப் பார்க்கும் கண். அதைப் பழக்கத்தில் வளர்த்துக்கொள்ளலாம். இப்போதே தொடங்கலாம், வா.

தமிழ் ஆவணம் ஏன் பில்டை முறிக்கிறது? தமிழ் கடினமான மொழி என்பதாலா? இந்தப் பொய்யை நம்பாதே. காரணங்கள் மிகவும் துல்லியமானவை, ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டலாம்.

முதலில் நம் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் சொற்கள் தனித்தனியாக நிற்கும். தமிழில் ஐ, ஆல், கு, இல் எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியை எடுத்துக்கொள். பைத்தான் மொழியின் கையேடுகள் முதல் எத்தனையோ மென்பொருள்களின் கையேடுகள் அதில்தான் கட்டப்படுகின்றன. 'மேக்' என்ற கட்டளையை எடுத்துக்காட்ட அதன் முன்னும் பின்னும் இரண்டிரண்டு பின்சாய்ந்த மேற்கோள் குறி போடுவார்கள். மூடும் குறிக்குப் பிறகு இடைவெளியோ, புள்ளியோ, காற்புள்ளியோ, சிறுகோடோ வர வேண்டும் என்பது அந்தக் கருவியின் விதி. ஆங்கிலத்தில் எப்போதும் இடைவெளிதான் வரும், தொல்லை இல்லை. நாம் என்ன செய்வோம்? மூடும் குறிக்கு ஒட்டியே 'ஐ' என்று எழுதிவிடுவோம். தமிழுக்கு அது இயல்பு. கருவிக்கோ, குறி மூடவே இல்லை. திறந்த குறிக்கு முடிவில்லை என்று எச்சரிக்கை கொடுக்கும். எச்சரிக்கை வந்தாலே பில்டை நிறுத்து என்று பல திட்டங்களில் கண்டிப்பாக அமைத்திருப்பார்கள். அங்கே மொத்தக் கையேடும் நின்றுவிடும்.

தீர்வு என்ன தெரியுமா? ஒரு சிறுகோடு. மூடும் குறி, சிறுகோடு, பிறகு ஐ. அவ்வளவுதான்! பிறமொழிப் பெயர்களுக்குப் பின்னால் சிறுகோடு இட்டு உருபு சேர்ப்பது நம் பத்திரிகைகளில் என்றோ வழக்கத்துக்கு வந்துவிட்டது. அந்த வழக்கத்தைக் கருவியும் ஏற்றுக்கொள்கிறது. சிறுகோடு பிடிக்கவில்லையா, ஒரு பின்சாய்வுக் கோடும் இடைவெளியும் போடு. அச்சில் இடைவெளி தெரியாது, கருவிக்குக் குறி முடிந்தது தெரிந்துவிடும். இதைத் தமிழ் இலக்கணம் தெரியாத பொறியாளர் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகலாம். உனக்கு அரை நிமிடம்.

அடுத்தது வாக்கிய வரிசை. இதைத்தான் நீ நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டளைக்கு உதவிக் குறிப்பு கேட்டால் வரும் வரிகளும், பிழைச் செய்திகளும் கெட்டெக்ஸ்ட் என்ற முறையில் மொழிபெயர்க்கப்படுகின்றன. அதற்கான பி.ஓ. என்ற கோப்பில் ஆங்கிலச் சரம், அதாவது வாக்கியத் துண்டு, மேலே, தமிழ்ச் சரம் கீழே இருக்கும். நடுநடுவே சதவீதக் குறியோடு 'எஸ்', 'டி' என்று எழுத்துகள் வரும். 'எஸ்' நிற்கும் இடத்தில் ஒரு கோப்பின் பெயர் வந்து உட்காரும். 'டி' நிற்கும் இடத்தில் ஒரு எண். ஆங்கிலத்தில் எண் முதலில், கோப்புப் பெயர் பிறகு என்று இருக்கும். 'இந்தக் கோப்பில் இத்தனை பிழைகள்' என்றுதான் நாம் சொல்வோம். கோப்பு முன்னால் வந்துவிடும், எண் பின்னால் போய்விடும். நீ குறிகளையும் அப்படியே மாற்றிப் போட்டுவிட்டால், நிரல் எண்ணை எடுத்து அதைப் பெயர் இருக்கும் முகவரி என்று நினைத்துத் தேடப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. நிரல் அந்த இடத்திலேயே விழும். பில்டில் தப்பிவிட்ட இந்தப் பிழை பயனர் கையில் போய் வெடிக்கும். அதுவும் தமிழில் வைத்துப் பயன்படுத்தும் பயனரின் கையில் மட்டும்! தமிழைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்காக ஒருவர் தண்டிக்கப்படுவதை நீ பொறுத்துக்கொள்வாயா?

இதற்கும் வழி அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. குறிக்குள் வரிசை எண் கொடுக்கலாம்: ஒன்று, டாலர் குறி, பிறகு எழுத்து. 'மூலத்தில் இரண்டாவதாக வந்ததை இங்கே முதலில் போடு' என்று நிரலுக்குச் சொல்லலாம். அப்போது நம் வாக்கியம் நம் நடையில் நிற்கும், நிரலும் விழாது. ஆங்கில வரிசைக்குப் பயந்து தமிழை முறுக்கி, 'இத்தனை பிழைகள் உள்ளன கோப்பில்' என்று எழுதுகிறார்களே, அந்த அடிமை நடை நமக்கு வேண்டாம். கருவி நமக்கு இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் நிமிர்ந்து நில்.

டேக்குகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கே.டீ.ஈ. போன்ற திட்டங்களில் உதவிக் கையேடுகள் டாக்புக் என்ற வடிவில் இருக்கும். கோண அடைப்புக்குள் இருப்பதைத் தொடாதே, மொழிபெயர்க்காதே. திறந்ததை மூடு. வேர்டு செயலியில் தட்டச்சு செய்து ஒட்டினால் நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடும். டேக்குக்குள் அது விழுந்தால் பில்டு நின்றது. ஆகவே பி.ஓ. கோப்பை வேர்டில் திறக்கவே திறக்காதே.

பி.டி.எஃப். விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அது நம்மை அவமானப்படுத்துவது போலவே இருக்கும். ஸ்பிங்க்ஸ் வழியாக பி.டி.எஃப். கட்டும்போது, வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது பி.டி.எஃப்.லேடெக் என்ற பழைய இயந்திரத்தை எடுத்துக்கொள்ளும். கையேட்டின் முதல் தமிழ் எழுத்து 'க' என்று வைத்துக்கொள். அந்த இடத்திலேயே 'இந்த எழுத்து லேடெக்குக்கு அமைக்கப்படவில்லை' என்று பிழை காட்டி நிற்கும். க! நம் பாலர் வகுப்பில் கை பிடித்து எழுதவைக்கும் உயிர்மெய் வரிசையின் தலைமகன்! இதைப் பார்த்து 'தமிழுக்கு பி.டி.எஃப். வராது' என்று சொல்லி எழுந்து போனவர்கள் உண்டு. கிரேக்கத்துக்கும் சீனத்துக்கும் அந்தக் கருவி தானாகவே ஸீலேடெக் என்ற புது இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. தமிழுக்கு நாம் சொன்னால்தான் எடுக்கும். சொல்வதற்கு அமைப்புக் கோப்பில் ஒரே வரி. கூடவே நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவின் பெயரையும் கொடு. பில்டு ஓடும் கணினியில் அந்த எழுத்துரு நிறுவியிருக்கிறதா என்றும் பார். உன் கணினியில் இருப்பது அங்கே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. இவ்வளவுதான் செய்ய வேண்டியது. இந்த ஒரு வரிக்காகக் கைவிடப்பட வேண்டிய மொழியா நம்முடையது?

அதே போல பில்டு கணினியின் மொழி அமைப்பு. பழைய பைத்தான் நிரல்கள், கணினியின் மொழி 'சி' என்று இருந்தால் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துகள் மட்டுமுள்ள ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு, தமிழைக் கண்டதும் நின்றுவிடும். 2018-ல் வந்த பைத்தான் 3.7 அந்த நிலையைச் சீர்படுத்தியது. இருந்தாலும் பில்டு அமைப்பில் யூ.டி.எஃப்.-8 குறியாக்கம் என்று வெளிப்படையாக எழுதிவைப்பதே பாதுகாப்பு.

குறியாக்கம் என்றதும் முன்னோடிகளை நினைக்காமல் போக முடியவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தபோது தமிழுக்கு ஆளுக்கொரு குறியாக்கம். ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் குழப்ப எழுத்துகளாகத் தெரிந்த காலம். அந்த நிலையிலும் பல நாடுகளில் சிதறியிருந்த தன்னார்வலர்கள் 'தமிழ் லினக்ஸ்' என்று கூடி, வேலை முடிந்து வந்த இரவுகளில் திரைகளைத் தமிழாக்கினார்கள். முதலில் டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் செய்ததைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். இன்றும் எங்காவது ஒரு பழைய கோப்பில் ஒரு வரி டிஸ்கியில் ஒளிந்திருந்தால் பில்டு கருவி அதைப் பிடித்துத் தூக்கிக் காட்டும். அப்போது எரிச்சல் படாதே. யாரோ ஒருவர் நமக்காக விழித்திருந்த இரவு அது. மரியாதையோடு யூனிகோடுக்கு மாற்றிவிடு.

உன் வீட்டுக்குப் பக்கத்திலும் அந்த வரலாறு நடந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. டெபியனை அடித்தளமாகக் கொண்டு இந்திய மொழிகளோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் வந்தது சென்னை சி-டாக்கிலிருந்து. 2012 ஜனவரியில் 'கணியம்' இதழ் தொடங்கியது. லினக்ஸ், மைஎஸ்கியூஎல் என்று ஒவ்வொன்றாக எளிய தமிழில் நூல்கள் வெளிவந்தன. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் பஸ் பிடித்தால் போய்ச் சேரும் தூரத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது. 'இதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை' என்று நினைத்துக்கொண்டிருந்தாயா? உன் பேட்டைக்காரன் வேலை இது!

சரி, என்ன செய்ய வேண்டும்? கோபம் மட்டும் போதாது, முறை வேண்டும்.

பி.ஓ. கோப்பைத் தொகுக்க கெட்டெக்ஸ்டோடு வரும் கருவிக்குச் சரிபார்ப்பு என்று ஒரு சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்ச் இல்லாமல் ஓட்டினால் குறி மாறியிருந்தாலும் வாயைத் திறக்காது. சுவிட்சோடு ஓட்டினால் எத்தனையாவது வரி, எந்தக் குறி என்று நேராகக் காட்டிக்கொடுக்கும். அதை ஓட்டாமல் ஒரு கோப்பையும் அனுப்பமாட்டேன் என்று இன்றே உறுதி எடு. வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் வேலை செய்கிறாயா, அங்கே மஞ்சளாகவும் சிவப்பாகவும் வரும் எச்சரிக்கைகளை மூடிவிட்டு நகராதே. ஒவ்வொன்றும் ஒரு ரிலீஸ் ராத்திரியை முன்கூட்டியே உனக்குக் காட்டுகிறது.

மூலம் மாறினால் பழைய மொழிபெயர்ப்புக்கு 'ஃபஸ்ஸி' என்ற முத்திரை விழும். ஏறக்குறைய சரி, ஆனால் உறுதியில்லை என்று பொருள். அந்த முத்திரை இருக்கும்வரை அந்தச் சரம் வெளியீட்டில் சேராது, ஆங்கிலமே தெரியும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக முத்திரையைப் படிக்காமலே நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய துரோகம் தமிழுக்கு இல்லை. கட்டளையின் பெயர் மாறியிருக்கும், தமிழ்க் கையேடு மட்டும் பழைய கட்டளையையே சொல்லிக்கொண்டிருக்கும். நம்பிப் படித்தவர் ஏமாந்து, இனி தமிழ்க் கையேட்டைத் திறக்கவே மாட்டேன் என்று போய்விடுவார். நூற்றுக்கு நூறு என்ற ஆசையை விடு. அறுபது சரம் செய்தாலும் அறுபதும் நிற்க வேண்டும்.

டெபியன் உலகத்தில் பி.ஓ.4ஏ என்று ஒரு கருவி இருக்கிறது. ஏப்ட், டிபிகேஜி போன்ற கருவிகளின் கையேட்டுப் பக்கங்கள் அதன் வழியாகத்தான் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஒரு பக்கம் 80 விழுக்காட்டுக்குக் கீழே மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், வேறு எதுவும் சொல்லாதவரை அது அந்தப் பக்கத்தை வெளியே விடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒரு பக்கத்தைக் கொடுத்து ஆளைக் குழப்பாதே என்கிறது. ஆனால் ஒன்றைக் கவனி: நிறுத்திவைப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான், மொழியை இல்லை. நீயும் உன் குழுவிடம் இதைத்தான் கேட்க வேண்டும். 'ஒரு தமிழ்ப் பக்கத்தில் பிழையா, அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஆங்கிலத்தைக் காட்டுங்கள், எனக்குத் தகவல் அனுப்புங்கள், லிங்குவாஸில் கை வைக்காதீர்கள்.' கேட்க வெட்கப்படாதே. நீ சலுகை கேட்கவில்லை. ரிலீஸும் குறித்த நாளில் போகும், தமிழும் இருக்கும், அந்த வழியைச் சொல்லித் தருகிறாய்.

மாற்றம் வரும்போதெல்லாம் தானாகக் கட்டிப் பார்க்கும் பைப்லைனில் தமிழுக்குத் தனி வேலை ஒன்று கேட்டு வாங்கு. எல்லா மொழிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எது தவறினாலும் எல்லாம் நிற்கும். தமிழ்க் கையேடு தனியாகக் கட்டப்பட்டால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பச்சையா சிவப்பா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ரிலீஸ் ராத்திரி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? ரிலீஸுக்குச் சில வாரம் முன்பு 'சர உறைவு' என்று ஒரு தேதியைப் பல திட்டங்கள் அறிவிக்கும். அதற்குப் பிறகு மூல வாக்கியங்களை மாற்றக் கூடாது என்பது ஒப்பந்தம். மொழிபெயர்ப்பவர் மூச்சுவிட்டு முடிப்பதற்கான காலம் அது. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடு. அதற்குப் பிறகு யாராவது மூலத்தை மாற்றினால் துணிந்து கேள். நான் புதியவன், நான் எப்படிக் கேட்பது என்று ஒதுங்காதே. அந்த ஒப்பந்தம் உன்னைக் காக்கத்தான் போடப்பட்டது.

உ.வே. சாமிநாதையரை நினைத்துப் பார். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவருவதற்கு முன், கிடைத்த ஏட்டுப் பிரதிகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். செல்லரித்த ஏட்டில் ஒரு எழுத்து ஐயமாக இருந்தால் இன்னொரு ஊருக்கு நடையாய் நடந்து இன்னொரு பிரதியைத் தேடினார். புறநானூறு 1894-ல், மணிமேகலை 1898-ல். ஒவ்வொரு நூலும் அந்தச் சலியாத சரிபார்ப்பால் நமக்குக் கிடைத்தது. பெரும்பாக்கத்துச் செம்மொழி நிறுவனத்தில் செம்பதிப்பு என்று செய்வதும் அந்தப் பரம்பரையின் வேலைதான். பாட வேறுபாடு பார்க்கும் அந்தக் கண்ணைத்தான் மென்பொருள் ஆவணத்துக்கும் கொண்டுவரச் சொல்கிறேன். உன் ரத்தத்தில் இருக்கும் பழக்கம் இது. உனக்குக் கருவிகள் வேறு துணை நிற்கின்றன. அவருக்கு விளக்கும் ஏடும்தான் இருந்தன.

'இதற்குச் சம்பளம் உண்டா?' என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி, முகம் சுளிக்காமல் பதில் சொல். முதல் நாளே சம்பளம் வராது. ஆனால் நீ அனுப்பும் ஒவ்வொரு திருத்தமும் உன் பெயரோடு பதிவாகிறது. எந்த நாளில், எந்தக் கோப்பில், என்ன திருத்தினாய், யார் ஏற்றுக்கொண்டார்கள், எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நிற்கும். நேர்காணலில் 'அனுபவம் உண்டா?' என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு. பில்டு, ரிலீஸ், பைப்லைன், பதிப்புக் கட்டுப்பாடு, பிழைப் பதிவு எல்லாம் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். டெஸ்டிங், லோக்கலைசேஷன், தொழில்நுட்ப ஆவணம் எழுதுவது, ரிலீஸ் பொறியியல் எல்லாமே இதைக் கேட்கும் வேலைகள்தான். இந்தக் கல்விக்குக் கட்டணம் இல்லை. கருவிகள் அத்தனையும் இலவசம். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த மடிக்கணினி அலமாரியில் இருக்கிறதா? பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரைச் செருகியே வேலை செய். பி.ஓ. கோப்பைச் சரிபார்க்க அது தாராளம்.

தனியாகச் செய்ய அச்சமாக இருந்தால் இரண்டு பேர் சேருங்கள். ஒருவர் மொழிபெயர்க்கட்டும், இன்னொருவர் கட்டிப் பார்க்கட்டும். அடுத்த வாரம் மாறிக்கொள்ளுங்கள். தான் எழுதியதில் தவறிய குறி தன் கண்ணுக்குப் படாது, பக்கத்துக் கண்ணுக்குப் பளிச்சென்று படும். கல்லூரியில் ஒரு மணி நேரம் கணினி ஆய்வகத்தைக் கேளுங்கள். மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

பெரிய மென்பொருளில் தொடங்காதே. நீ அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றை எடு, அதற்குத் தமிழ்க் கையேடு இருக்கிறதா என்று பார். லிங்குவாஸ் கோப்பைத் திற. டி, ஏ இருக்கிறதா? முன்பு இருந்து பிறகு காணாமல் போயிருந்தால் பழைய பதிவுகளைப் புரட்டு. எந்த நாளில் எடுத்தார்கள் என்று அங்கே இருக்கும், என்ன பிழை என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்தப் பிழையைத் திருத்து. கட்டிப் பார். பச்சை வந்ததும் அவர்களுக்கு எழுது. ஆங்கிலம் நான்கு வரி போதும்: எந்தக் கோப்பு, எந்த வரி, பிழை என்ன, எப்படித் திருத்தினேன். ஐந்தாவது வரியாக இதையும் சேர்: தமிழ் ஆவணத்தில் இனி பிழை வந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். கீழே உன் பெயர், ஊர் பெரும்பாக்கம் என்று முழுசாக எழுது. மன்னிப்பு கேட்டுத் தொடங்காதே. தடுமாறும் ஆங்கிலத்துக்காக யாரும் ஒரு நல்ல திருத்தத்தைத் தூக்கி எறிந்ததில்லை.

அவர்கள் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். ஒரு வாரம் பொறு, பணிவோடு நினைவூட்டு. 'இந்த வரியை இப்படி மாற்றுங்கள்' என்று திருப்பி அனுப்பினால் முகம் வாடாதே. உன் வேலையை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். மாற்று, மறுபடி கட்டு, மறுபடி அனுப்பு. ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தி வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடாதே, அடுத்த கோப்பைத் திற. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அந்த மடிக்கணினியைக் கீழே இறக்கு. கெட்டெக்ஸ்ட் நிறுவு. ஒரு தமிழ் பி.ஓ. கோப்பை இறக்கிச் சரிபார்ப்புச் சுவிட்சோடு ஓட்டு. சிவப்பு வந்தால் எத்தனையாவது வரி என்று கூடவே வரும். நேராக அந்த வரிக்குப் போ.